ஏழு எக்ஸ், ஒரு ஹீரோ, வீட்ல ஒரு டீனேஜர்: வாசகர் கேள்வி-பதில்

‘ஸ்காட் பில்கிரிம் வெர்சஸ் தி வேர்ல்ட்’ படத்தை பசங்களுக்கு காட்டலாமா, ஒரு அம்மாவா நீங்க என்ன நினைக்கறீங்கன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. 2010ல வந்த படம், ஆனா ஒவ்வொரு வருஷமும் புதுசா ஒரு செட் டீனேஜ் பசங்க கண்டுபிடிச்சிட்டு வீட்ல வந்து நச்சரிக்குதுங்க. அதனால இந்த தடவை முழுக்க இந்த ஒரு படம்தான். கதை, க்ளைமாக்ஸ் எல்லாம் வெளிய வரும், பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

கேள்வி: என் பையனுக்கு 13 வயசு. வீடியோ கேம் மாதிரியே ஒரு லவ் படம், எல்லாரும் பாத்தாச்சு நான் மட்டும்தான் பாக்கலைன்னு தினமும் புலம்பல். ட்ரெய்லர் பாத்தேன், சண்டை, முத்தம், கிட்டார்னு எல்லாத்தையும் மிக்ஸில போட்ட மாதிரி இருக்கு. பாக்க விடலாமா? — ஒரு அம்மா

விடலாம், ஆனா தனியா விடாதீங்க. 14ன்னா இன்னும் நல்லாருக்கும்னு என் எண்ணம்.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கனடால டொரண்டோ. ஸ்காட்டுக்கு 22 வயசு, வேலை கிடையாது, ஒரு குட்டி பேண்டுல பேஸ் கிட்டார் வாசிக்கறான். ரமோனான்னு ஒரு பொண்ணு அவன் கனவுக்குள்ள ரோலர் ஸ்கேட்ல போறா, அப்புறம் நேர்லயே வந்து நிக்கறா, இவன் விழுந்துடறான். அவளோட பழகணும்னா அவளோட பழைய காதல் ஆளுங்க, அதாவது எக்ஸ், ஏழு பேரையும் ஒவ்வொருத்தரா சண்டை போட்டு ஜெயிக்கணும், அவ்வளவுதான் கதை. சண்டைன்னா ஸ்க்ரீன்ல வெர்சஸ்னு பெருசா எழுத்து வரும், பாயின்ட் ஏறும், தோத்தவன் அப்படியே சில்லறை காசா உடைஞ்சு கொட்டுவான்.

அமெரிக்கால இதுக்கு பிஜி-13ன்னு ரேட்டிங் (நம்ம ஊர் சென்சார் சர்டிஃபிகேட் மாதிரி) குடுத்திருக்காங்க. நிறைய பேரு இதை ‘13 ஆயிடுச்சுன்னா பாக்கலாம்’னு ஒரு பாஸ் மாதிரி எடுத்துக்கறாங்க, அது அப்படி இல்லீங்க. 13க்கு கீழ இருக்கற பசங்களுக்கு சில விஷயம் ஒத்து வராது, பெத்தவங்க கொஞ்சம் நல்லாவே உஷாரா இருங்கன்னு சொல்றதுதான் அது, 1984ல பிஜிக்கும் (பெத்தவங்க பாத்து முடிவு பண்ணுங்க) ஆர்-க்கும் (17க்கு கீழன்னா பெரியவங்க கூட வரணும்) நடுவுல ஒண்ணு வேணும்னு கொண்டு வந்தாங்க. தடையும் இல்ல, கேரண்டியும் இல்ல, முடிவு நம்ம தலையிலதான்.

சரி உள்ள என்ன இருக்கு. முத்தம் இருக்கு. ரமோனாவும் ஸ்காட்டும் உள்ளாடையோட கட்டில் வரைக்கும் போற ஒரு சீன் இருக்கு, ஆனா அவ வேண்டாம்னு மனசு மாத்திக்கறா, அவனும் சரின்னு தூங்கறான் (எனக்கு அந்த சீன் ரொம்ப பிடிச்சது, ஒருத்தி வேண்டாம்னா பேச்சு முடிஞ்சுதுன்னு இவ்வளவு சாதாரணமா காட்டற லவ் படம் எத்தனை இருக்கு). குடிக்கறாங்க. போதை மருந்து பத்தி பேச்சுல லேசா வரும். ஒரு பொண்ணு வாயைத் தொறந்தா கெட்ட வார்த்தை, ஆனா ஒவ்வொண்ணுக்கும் பீப் சத்தம் போட்டு வாய் மேல கறுப்பு கட்டம் வந்துடும், ஸ்காட் அதைப் பாத்து நீ எப்படி வாயாலயே அதை பண்றேன்னு கேப்பான். பீப் இல்லாமலும் சில வார்த்தை வருது, நம்ம பசங்க ஆன்லைன் கேம் ஆடும்போது காதுல விழறதை விட கம்மிதான்.

இதெல்லாம் எனக்கு பெரிய விஷயமே இல்ல. என்னை நெளிய வச்சது படம் ஆரம்பிச்ச முதல் நிமிஷத்துலயே வருது. ஸ்காட் அப்போ யாரோட பழகிட்டு இருக்கான்னா நைவ்ஸ் சாவ்னு ஒரு பொண்ணு, வயசு 17, யூனிஃபார்ம் போட்டுட்டு வர்ற ஸ்கூல் பொண்ணு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கேலி பண்றாங்க, சொந்த தங்கச்சியே திட்டறா, இவன் என்னடான்னா இன்னும் கையைக்கூட பிடிக்கலைங்கறான். அது உண்மைதான், படத்துல அவங்க நடுவுல பெருசா ஒண்ணும் நடக்கல. ஆனா அந்த பொண்ணு இவனை பேண்டுல பாத்து கண்ணு பளபளன்னு உருகி நிக்குது, இவன் ரமோனாவைப் பாத்ததும் இவகிட்ட சொல்லாமயே அங்க போயிடறான், ரெண்டு பேருகிட்டயும் மறைச்சு கொஞ்ச நாள் ஓட்டறான், அப்புறம் ஒரு வழியா பிரேக்அப் சொல்றப்போ அந்த பொண்ணோட முகம் இருக்கே. அந்த முகம் ஸ்க்ரீன்ல இருக்கறது கொஞ்ச நேரம்தான், உடனே அடுத்த ஜோக், அடுத்த சண்டை. 13 வயசு பையன் கண்ணு அடுத்த சண்டைக்கு போயிடும், அவன் மேல தப்பு இல்ல, படமே அவனை அப்படி இழுத்துட்டு ஓடுது. பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருந்தா அங்க படத்தை நிறுத்த ஒரு பாஸ் பட்டன் அமுக்கலாம். அதுக்குத்தான் தனியா விடாதீங்கன்னு சொன்னேன், மத்தபடி முத்தத்துக்காக இல்ல.

கேள்வி: இவ்வளவு அடிதடி இருக்கற படத்தை நீங்க சிரிச்சுட்டே சிபாரிசு பண்றது ஆச்சரியமா இருக்கு. — ஒரு அப்பா

ரத்தம் கிடையாது, வலி கிடையாது, பிணம் கிடையாது, காசுதான் கொட்டுது. இது நிஜம் இல்லன்னு படமே பத்து செகண்டுக்கு ஒரு தடவை சொல்லிட்டே இருக்கு. ஒருத்தன் வீகன் (பால், முட்டை கூட தொடாத ஆளு)ங்கறதாலயே அவனுக்கு சூப்பர் பவர் இருக்கு, அவன் விதியை மீறி கோழி சாப்பிட்டான்னு வீகன் போலீஸ் வந்து பவரைப் பிடுங்கிட்டு போகுது, இதைப் பாத்து எந்த பையன் யாரை அடிக்கப் போறான் சொல்லுங்க. என் பசங்க அந்த சீனுக்கு சோபால உருண்டதுதான் மிச்சம். ஒரே ஒரு இடம் எனக்கு உறுத்தும், அந்த வீகன் ஆளு நைவ்ஸை ஒரு குத்து விடறான், அவ முடிக்கு அடிச்சிருந்த கலரே அதுல போயிடுது, அது ஜோக்குன்னு வச்சிருக்காங்க. எனக்கு சிரிப்பு வரல. என் பொண்ணுக்கு வந்துச்சு, சரி அவ ரசனை.

கேள்வி: படம் பாக்கறப்போ எனக்கு தலை சுத்துச்சு, கண்ணு கூசுச்சு. குழந்தைங்க கண்ணுக்கு, மூளைக்கு ஏதாவது ஆகுமா? — ஒரு பாட்டி

பாட்டி, உங்க கேள்வியைத்தான் எல்லாரும் கேட்டிருக்கணும், யாரும் கேக்கல.

இந்த படத்தோட டைரக்டர் எட்கர் ரைட் எடிட்டிங்ல படு வேகம். ஒருத்தன் ஒரு ரூம்ல தலையைத் திருப்புவான், திருப்பி முடிக்கறதுக்குள்ள வேற இடத்துல வேற நாள் ஆயிருக்கும். போன் அடிச்சா அந்த சத்தமே எழுத்தா ஸ்க்ரீன்ல ஓடும். சாதாரண ஆளுக்கு தலை சுத்தறது அதனாலதான், கொஞ்ச நேரத்துல பழகிடும், பழகலைன்னா நிறுத்திட்டு ஒரு காபி குடிச்சிட்டு வாங்க, படம் ஓடிப் போயிடாது.

ஆனா கச்சேரி சீன்லயும் சண்டையிலயும் வெளிச்சம் பளிச் பளிச்னு அடிக்கறது வேற சமாச்சாரம். வலிப்பு நோய் இருக்கறவங்கள்ல சுமார் 3 சதவீதம் பேருக்கு இந்த மாதிரி மின்னற வெளிச்சத்தால வலிப்பு வரலாம், அது குழந்தைங்க, டீனேஜ் பசங்க கிட்டதான் அதிகம். 1997 டிசம்பர்ல ஜப்பான்ல டிவில ஒரு கார்ட்டூன் எபிசோட், சிவப்பும் நீலமும் மாறி மாறி சில செகண்ட் மின்னுச்சு, அன்னைக்கு ராத்திரி 685 பேரை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க, முக்கால்வாசி குழந்தைங்க, அதுல பல பேருக்கு அதுக்கு முன்னாடி வலிப்பே வந்தது இல்ல. அதனால வீட்ல யாருக்காவது வலிப்பு வந்த சரித்திரம் இருந்தா இந்த படத்தைப் போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. மத்தவங்களும் லைட்டை அணைச்சிட்டு டிவி முன்னாடி மூக்கை ஒட்டிட்டு பாக்காம, லைட்டைப் போட்டு தள்ளி உக்காந்து பாருங்க. பாக்கறப்போ யாருக்காவது ஒரு மாதிரி ஆச்சுன்னா ஒரு கண்ணை உள்ளங்கையால முழுசா மூடிட்டு ஸ்க்ரீன் பக்கம் இருந்து திரும்பிடணும். ரெண்டு கண்ணையும் இமையை மட்டும் மூடறது பத்தாது, மின்னல் இமை வழியாவே உள்ள போகும்.

கேள்வி: பெரியவன் பாக்கறப்போ 5 வயசு சின்னவளும் கூடவே உக்காந்துக்கறா. அவளுக்கு என்ன புரியப் போகுதுன்னு விட்டுடலாமா? — ரெண்டு பிள்ளைங்களோட அம்மா

வேண்டாம். கதை புரியாதுதான், வேகம் புரியும். 2011ல அமெரிக்கால 4 வயசு குழந்தைங்க 60 பேரை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, சில பேருக்கு படு வேகமான கார்ட்டூன் வெறும் 9 நிமிஷம், சில பேருக்கு மெதுவான நிகழ்ச்சி, சில பேருக்கு கலர் பென்சில் குடுத்து வரையச் சொன்னாங்க. அது முடிஞ்ச உடனே கவனமா யோசிச்சு செய்யற சின்னச் சின்ன வேலை குடுத்தப்போ வேகமான கார்ட்டூன் பாத்தவங்கதான் ரொம்ப தடுமாறினாங்க. அது உடனடியா தெரிஞ்ச விளைவு மட்டும்தான், ஒரு படம் பாத்தா மூளை கெட்டுடும்னு யாரும் பயப்பட வேண்டாம். ஆனா அது 9 நிமிஷம், இது கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். சின்னவ தூங்கினப்புறம் போடுங்க.

கேள்வி: எனக்கு கேம் ஒண்ணும் தெரியாது. பசங்க சிரிக்கற இடத்துல நான் முழிக்கறேன். என்ன தெரிஞ்சுக்கணும்? — ஒரு அம்மா

நிறைய வேண்டாம். பழைய கேம்ல ஒவ்வொரு லெவல் முடிவுலயும் ஒரு பெரிய வில்லன் நிப்பான், அவனைத் தாண்டினாத்தான் அடுத்த லெவல், அந்த ஏழு எக்ஸும் அதுதான். காசு, பாயின்ட் எல்லாம் பரிசு. எக்ஸ்ட்ரா லைஃப்னு ஒண்ணு கிடைச்சா செத்தாலும் திரும்ப ஒரு சான்ஸ். ஆரம்பத்துல யுனிவர்சல் கம்பெனியோட உலக உருண்டையும் மியூசிக்கும் பழைய கேம் மாதிரி கட்டம் கட்டமா வரும், அதுலயே பசங்க குஷி ஆயிடுவாங்க. முதல் வில்லன் திடீர்னு நடு சண்டைல பாட்டு பாடி டான்ஸ் ஆடுவான், பின்னாடி கோரஸ் பொண்ணுங்க வேற, அங்க மட்டும் நீங்க சிரிப்பீங்க பசங்க முழிப்பாங்க, ஏன்னா அது நம்ம ஊர் சினிமாவை வச்சு பண்ண கிண்டல்.

முக்கியமானது அந்த எக்ஸ்ட்ரா லைஃப்தான், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, அடுத்த பதிலுக்கு வேணும்.

கேள்வி: ஏழு பேரை அடிச்சா பொண்ணு பரிசு. இதைத்தானே நாம காலம் காலமா திட்டிட்டு இருக்கோம்? ஹீரோவும் பொய் சொல்றான், ஏமாத்தறான், சோம்பேறி. இவனை எதுக்கு இவ்வளவு பேர் தலைல தூக்கி வச்சு ஆடறாங்க, என் பொண்ணுக்கு இதை எப்படி காட்டறது? — கோவமா இருக்கற ஒரு வாசகி

உங்க கோவத்துல முக்கால்வாசி எனக்கும் உண்டு. மீதி கால்வாசியைச் சொல்றேன்.

கடைசி சண்டைல ஸ்காட் முதல் தடவை ‘எனக்கு ரமோனா மேல காதல்’னு சொல்றான், உடனே நெஞ்சுக்குள்ள இருந்து ஒரு வாள் வருது, காதலோட சக்தின்னு. வழக்கமான படமா இருந்தா அந்த வாளால வில்லனை வெட்டி அங்கயே சுபம் போட்டுடுவாங்க. இங்க அது பத்தல, இவன் செத்துப் போறான். அப்புறம் அந்த எக்ஸ்ட்ரா லைஃப்ல திரும்பி வந்து அதே லெவலை முதல்ல இருந்து ஆடறான், இந்த தடவை பேண்டுல ட்ரம்ஸ் அடிக்கற பழைய ஸ்கூல் தோழிகிட்ட மன்னிப்பு கேக்கறான், ரமோனாவுக்காக இல்லாம எனக்காக சண்டை போடறேங்கறான், அப்போ வர்ற வாள்தான் ஜெயிக்குது, அது சுயமரியாதையோட சக்தியாம். அப்புறம் நைவ்ஸையும் ரமோனாவையும் எதுக்க நிக்க வச்சு ரெண்டு பேரையும் நான் ஏமாத்தினேன்னு வாயைத் தொறந்து ஒத்துக்கறான். ஹீரோ தப்பு பண்ணான், தப்பை தப்புன்னு சொன்னாத்தான் அடுத்த லெவல்னு படம் வச்சிருக்கு. நம்ம ஹீரோ எத்தனை பேரு பொண்ணு பின்னாடி சுத்தி சுத்தி கடைசி வரைக்கும் ஒரு சாரி சொல்லாமயே ஜெயிச்சிருக்காங்க, யோசிச்சுப் பாருங்க.

ஆனா என் புகார் இங்கதான். அந்த சாரி ரொம்ப சுலபமா கிடைச்சுடுது. நைவ்ஸ் மன்னிச்சு மட்டும் விடல, நீ போய் அவளோட சேருன்னு அவளே தள்ளி விடறா. ஏமாந்த 17 வயசு பொண்ணு, ஏமாத்தினவனுக்கே தைரியம் சொல்லி அனுப்பணுமா? எல்லா வேலையும் அவ தலையிலயா? அவனை விட அவதான் பெரிய மனுஷின்னு காட்டறதுக்கு அப்படி வச்சிருக்கலாம், ஆனாலும் எனக்கு மனசு ஆறல. முதல்ல ஸ்காட் நைவ்ஸோடயே சேர்ற மாதிரி ஒரு முடிவைத்தான் எடுத்தாங்க, அப்புறம் மாத்தினாங்க. அது இதை விட மோசம், மாத்தினதே நல்லது. எனக்கு பிடிச்ச முடிவு ரெண்டு பேருமே அவனுக்கு டாட்டா காட்டிட்டு போறதுதான், அதை யாரு படமா எடுப்பா.

ரமோனா வெறும் பரிசான்னா, பாதி ஆமா. தலைமுடி கலர் மாத்தறா, சுருக்குன்னு பதில் சொல்றா, தன்னோட பழசுல இருந்து ஓடறவன்னு தெரியுது, ஆனா அவ பக்கத்து கதையை உக்காந்து கேக்க படத்துக்கு நேரம் இல்ல. உங்க பொண்ணுகிட்ட இதையே கேளுங்களேன், ரமோனாவுக்கு என்ன பிடிக்கும், அவளுக்கு ஃப்ரெண்ட் யாருன்னு. பதில் வராது. பதில் வராததுதான் நீங்க பேச வேண்டிய இடம், அவளே கண்டுபிடிச்சா நாம சொல்றதை விட நல்லா ஏறும்.

2023ல நெட்ஃபிளிக்ஸ்ல இதே கதையை எட்டு எபிசோட் அனிமேவா (ஜப்பான் ஸ்டைல் கார்ட்டூன்) பண்ணாங்க, படத்துல நடிச்சவங்களே வந்து குரல் குடுத்திருக்காங்க, அதுல முதல் எபிசோட்லயே ஸ்காட் காணாமப் போயிடறான், ரமோனாதான் துப்பறிஞ்சுகிட்டு ஒவ்வொரு எக்ஸையும் போய்ப் பாத்து பேசறா. பேசறாங்க, கவனிங்க. உங்க கோவத்துக்கு நேர் மருந்து அதுதான். ஆனா படத்தைப் பாத்துட்டு அதைப் பாத்தாத்தான் ருசி.

கேள்வி: ஹீரோவோட ரூம்மேட் ஆண்கள் மேல விருப்பம் உள்ளவர். பசங்க கேட்டா என்ன சொல்றது? — ஒரு அப்பா

அப்படித்தான்னு சொல்லுங்க. வாலஸ்னு பேரு, கீரன் கல்கின் நடிச்சிருக்காரு, படத்துலயே புத்தி உள்ள ஒரே ஆளு அவர்தான், ஸ்காட்டை நேர்மையா நடந்துக்கோ, நைவ்ஸ்கிட்ட உண்மையைச் சொல்லுன்னு தொல்லை பண்றதும் அவர்தான். வாடகை, சாமான் எல்லாம் அவர் காசு. அவரை வச்சு ஜோக் இருக்கு, அவரைப் பாத்து சிரிக்கற ஜோக் கம்மி, அவர் மத்தவங்களை ஓட்டற ஜோக்தான் அதிகம். காலைல எழுந்தா மெத்தைல கூட ரெண்டு பேரு இருப்பாங்க, அவ்வளவுதான் காட்டறாங்க. ரமோனாவோட ஏழு எக்ஸ்ல ஒருத்தி பொண்ணு, அந்த உறவை மட்டும் படம் ஏதோ ஒரு சின்ன வயசு விளையாட்டு மாதிரி தட்டி விட்டுடுது, அது எனக்கு சரியா படல.

கேள்வி: இவ்வளவு பேசறீங்க, படம் ஃப்ளாப் தானே? — ஒரு வாசகர்

தியேட்டர்ல ஃப்ளாப்தான். சுமார் 6 கோடி டாலர் செலவு, போட்டதே வரல. 2010 ஆகஸ்ட் 13, அன்னைக்கே ஸ்டாலோன் கூட்டணியோட ஆக்‌ஷன் படமும் ஜூலியா ராபர்ட்ஸ் படமும் ரிலீஸ், இது நடுவுல மாட்டிக்கிச்சு. அப்புறம் வீட்ல பாத்து பாத்தே பசங்க தூக்கி விட்டாங்க. ஒரு ஃப்ரேமை நிறுத்தி நிறுத்தி பாக்க வேண்டிய படம் தியேட்டர்ல எப்படி ஓடும்?

கேள்வி: பொண்ணு படத்தைப் பாத்துட்டு இப்போ காமிக்ஸ் வேணும், அந்த டைரக்டரோட மத்த படமும் வேணுங்கறா. — ஒரு அம்மா

காமிக்ஸ் வாங்கிக் குடுங்க. பிரையன் லீ ஓமாலி எழுதி வரைஞ்சது, 2004ல இருந்து 2010 வரைக்கும் ஆறு பாகம், கடைசி பாகம் படத்துக்கு ஒரு மாசம் முன்னாடிதான் வந்துச்சு, அதனால முடிவு ரெண்டுலயும் வேற வேற. காமிக்ஸ்ல ஸ்காட் தப்பை உணர நிறைய நேரம் எடுத்துக்கறான், ரமோனாவுக்கும் இடம் இருக்கு. படத்தை விட கொஞ்சம் பெரியவங்க விஷயம் வெளிப்படையா வரும், நீங்க முதல்ல புரட்டிட்டு குடுங்க.

டைரக்டரோட மத்த படத்துல உஷார். ‘ஷான் ஆஃப் தி டெட்’, ‘ஹாட் ஃபஸ்’, ‘பேபி டிரைவர்’ எல்லாமே ஆர் ரேட்டிங், அங்க காசு கொட்டாது, ரத்தம்தான் கொட்டும்.

கேள்வி: ஆன்ட்டி, அம்மா கூட உக்காந்து முத்த சீன் பாக்கறது எவ்வளவு கேவலமா இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? — 14 வயசு வாசகன்

தெரியும் தம்பி, அம்மாவுக்கும் அதே கேவலம்தான், அவங்க அப்போ போனை எடுத்து பாப்பாங்க, நீ தண்ணி குடிக்கப் போயிடு, முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒண்ணும் நடக்காத மாதிரி திரும்பி வந்து உக்காருங்க. ஆனா நைவ்ஸ்கிட்ட பிரேக்அப் சொல்ற சீன்ல எழுந்து போகாத. இந்த படத்துக்கு கேமும் இருக்கு, நாலு பேரு சேர்ந்து ஆடலாம், 2014 கடைசில ஆன்லைன் கடைல இருந்து தூக்கிட்டாங்க, 2021ல திரும்ப வந்துச்சு. அதுல அம்மாவுக்கு ஒரு கன்ட்ரோலர் குடு, ரமோனாவை அவங்க எடுத்துக்கட்டும்.